உயரம் குறைந்தவரின் பைக்கில் லக்கேஜ்: எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

பைக் பயணப் பைகளை லிட்டர் கணக்கில்தான் விற்கிறார்கள். 40, 55, 70 என்று. ஐந்தடி, ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ள நமக்கு அந்த எண் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏறும்போது வலது கால் எந்த வழியாகப் போகிறது? நிற்கும்போது பாதம் எங்கே ஊன்றுகிறது? சுமை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

மூன்றாவதுதான் பெரியது. உயரமானவர் சிக்னலில் நின்றால் இரண்டு பாதமும் தரையில் இருக்கும், வண்டி நேராக நிற்கும். நாம் நின்றால் ஒரு கால்தான் முழுதாக ஊன்றும். அந்தக் காலுக்காக இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி, வண்டியையும் கொஞ்சம் சாய்க்கிறோம். ஆக, நம் வண்டி நிற்கும்போதே சாய்ந்துதான் இருக்கிறது. வண்டி 10 டிகிரி சாய்ந்தால், தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் கட்டிய சுமை சுமார் 21 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். அதே சுமை 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் 10 செ.மீ. சொச்சம்தான் போகும். பையும் அதே, எடையும் அதே, ஆனால் அந்தச் சுமைக்காகக் கால் தாங்க வேண்டியது பாதியாகிவிடுகிறது. ஆறடி நண்பர் டாப் பாக்ஸ் (வண்டியின் பின்னால் மேலே மாட்டும் கெட்டிப் பெட்டி) நிறைய அடைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறாரே என்று நாமும் அதையே வாங்கினால் ஒத்துவராமல் போவது இதனால்தான். உடல் பலத்துக்கு இதில் அவ்வளவு பங்கு கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வாங்க நினைக்கும் பையின் நீள, அகல, உயர அளவைக் குறித்துக்கொண்டு, மளிகைக் கடையில் அதே அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி வாங்கிப் பின் சீட்டில் கட்டுங்கள். ரைடிங் பேண்ட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு பல முறை ஏறி இறங்குங்கள். லுங்கியிலோ ட்ராக் பேண்டிலோ செய்தால் ஏமாந்துவிடுவீர்கள், முட்டிக் கவசம் உள்ள பேண்டில் கால் அவ்வளவு மேலே வராது. பக்கப் பைகளுக்கு இரண்டு பழைய துணிப்பைகளில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கித் தொங்கவிட்டால் போதும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்குப் போடுவதும் சுலபம். அப்படியே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு இடத்தில் நின்று, ஒரு யூ-டர்ன் போட்டுப் பாருங்கள்.

ஏற முடியவில்லை, கால் பையில் இடிக்கிறது

எல்லோரும் முதலில் சொல்லும் குறை இது. சீட் உயரத்தைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்டியோர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ. பழைய ஹிமாலயன் 411-இல் 800 மி.மீ., புதிய ஹிமாலயன் 450-இல் 825 மி.மீ., வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் 835 மி.மீ. ஆனால் இவையெல்லாம் ஓட்டுபவர் உட்காரும் இடத்தின் உயரம். கால் வீசிக் கடக்க வேண்டியது பின் சீட்டை. அது பெரும்பாலான வண்டிகளில் இன்னும் சில அங்குலம் மேலே இருக்கும். அதன் மேல் 30 செ.மீ. உயரப் பையை வைத்தால் நெஞ்சு உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டிவரும்.

முதலில் பை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பின் சீட்டின் முன் ஓரத்திலிருந்தே தொடங்கினால், ஓட்டும் சீட்டுக்கும் பைக்கும் நடுவே காலை நுழைக்க இடமே இருக்காது. பையைப் பின்னுக்கு நகர்த்தி, பின் சீட்டில் ஒரு சாண் அளவாவது வெறுமையாக விடுங்கள். இது ஒன்றிலேயே பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் கனமான பையைப் பின்னுக்குத் தள்ளினால் வேறு வம்பு வரும், அதைப் பின்னால் சொல்கிறேன். அதனால் இங்கே வைப்பது எடை குறைந்த பையாக இருக்கட்டும்.

அதிலும் தீரவில்லை என்றால் பையின் வடிவத்தை மாற்றுங்கள். பின் சீட்டில் நிமிர்ந்து நிற்கும் டெயில் பேக்கை விட, வாயைச் சுருட்டி மூடும் டிரை பேக்கைக் குறுக்கே படுக்க வைத்துக் கட்டுவது நமக்கு ஏற்றது. உள்ளே துணி மட்டும் இருந்தால் வாரை இறுக்கும்போது அமுங்கி இன்னும் தாழ்ந்துவிடும். உயரத்தில் கொள்ளாத மிச்சத்தைப் பக்கப் பைகளுக்கு மாற்றுங்கள். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், இருசக்கர வண்டியில் வைக்கும் இலகுரகப் பெட்டிக்கு 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பின் சீட்டின் இடத்தில் வைத்தால் இரண்டாவது ஆளை ஏற்றக் கூடாது. சட்டம் அரை மீட்டர் உயரம் வரை விட்டாலும், நம் காலுக்கு அதில் பாதியே அதிகம்.

ஏறும் முறையையும் கொஞ்சம் மாற்றலாம். காலை நீட்டி வீசாமல், வலது முட்டியை மடக்கி, முட்டியை முதலில் சீட்டுக்கு மேலே குறுக்காகச் செலுத்துங்கள். பாதம் தானாகப் பின்னால் வந்துவிடும். உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் இடது புட்ரெஸ்டில் ஏறி நின்று, குதிரையில் ஏறுவது போல் காலைப் போடுகிறார்கள். வண்டி முதல் கியரில், கெட்டித் தரையில், சைடு ஸ்டாண்ட் முழுதாக முன்னே தள்ளிய நிலையில் இருந்தால் இது நன்றாகவே வரும். உடலை வண்டியோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாய்ந்தால் உங்களோடு வண்டியும் வரும். வண்டிக் கையேடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி மேல் எடை ஏற்றாதே என்று சொல்லியிருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்பதையும் மனத்தில் வையுங்கள். நாள் முழுக்க ஓட்டிவிட்டு, இடுப்பு பிடித்துப்போன நிலையில், இருட்டில் இறங்குவோம். காலையில் வீட்டு வாசலில் நூலிழையில் தப்பித்த உயரம் மாலையில் தப்பாது.

நிறுத்தியதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்ற மறுகணம் வண்டி சாய ஆரம்பிக்கும், பிடிக்கவே பாடுபட வேண்டியிருக்கும். சுமை மேலே இருக்கிறது, அல்லது இரண்டு பக்கமும் சமமாக இல்லை.

சமமின்மையைச் சரிபார்ப்பது சுலபம். கொக்கியில் மாட்டித் தூக்கும் கைத் தராசில் இரண்டு பக்கப் பைகளையும் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். சைலென்சர் பக்கத்துப் பை பெரும்பாலும் சிறிதாகத்தான் அமையும். அதில் ஸ்பேனர், டியூப், பங்ச்சர் கிட் போன்ற இடம் குறைவாகவும் எடை அதிகமாகவும் பிடிக்கும் சாமான்களைப் போட்டால் இரண்டும் சமமாகிவிடும்.

உயரத்துக்கு ஒரே விதிதான்: கையில் எடுத்ததும் கனமாகத் தெரியும் எதுவும் சீட்டுக்கு மேலே போகக் கூடாது. தண்ணீர், டூல்ஸ், செயினுக்குப் போடும் எண்ணெய், அடுப்பு, சார்ஜர்கள், பூட்டு எல்லாம் பக்கப் பையின் அடியில், முன் பக்கமாகப் போகட்டும். துணிமணி, தூங்கும் பை, மழைக்கோட்டு பின்னால் மேலே இருக்கலாம். கேமரா வைத்திருப்பவர்கள் அதிர்வுக்குப் பயந்து மேலே வைக்கிறார்கள். அதைத் துண்டில் சுற்றி, பெட்ரோல் டேங்கின் மேல் கட்டும் டேங்க் பேக்கில் வையுங்கள், அது ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு.

ஹிமாலயன் 411 ஓட்டுபவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. டேங்கின் இரு பக்கமும் இருக்கும் இரும்புக் கம்பிச் சட்டத்தில் சிறு பைகளைக் கட்டலாம். எடை முன்னாலும் வரும், டெயில் பேக்கை விடத் தாழ்வாகவும் இருக்கும். உயரமானவர்களுக்கு அந்தச் சட்டத்தில் முட்டி இடிக்கும் என்று புகார் வந்ததால்தான் 2021 மாடலில் அதன் வடிவத்தை மாற்றினார்கள். நமக்கு முட்டி அதுவரை போகாது. உயரக் குறைவு நமக்கு உதவும் அபூர்வமான இடம் இது, விட்டுவிடாதீர்கள்.

சுமையைச் சரிசெய்த பிறகும் இழுத்தால் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் நின்றால் இடது பாதத்துக்குத் தரை இன்னும் எட்டாமல் போகும். இரண்டடி உள்ளே தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும். மலைச்சாலையில் இது இன்னும் முக்கியம். கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. வளைவின் உள்பக்கம் தரை சட்டென்று சரியும். சுமையோடு அங்கே நின்றுவிட்டால் நம் கால் காற்றில்தான் ஊன்றும். மேலிருந்து பேருந்து இறங்கும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே சமமான இடத்தில் நின்று, அது கடந்த பிறகு கிளம்புங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

சைடு ஸ்டாண்டில் விட்டால் வலப்பக்கம் விழப் பார்க்கிறது

சுமை ஏற்றினால் வண்டி இடப்பக்கம் அதிகம் சாயும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு. பின் ஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) அமுங்கி வண்டி தாழ்கிறது, ஸ்டாண்டின் நீளமோ மாறவில்லை. ஆகவே வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்கும். வலப்பக்கம் கொஞ்சம் சரிவு இருந்தால் போதும், ஒரு காற்றடித்தாலே மறுபக்கம் கவிழ்ந்துவிடும்.

கால் எட்டுவதற்காக லோயரிங் லிங்க் (பின் ஷாக்கின் இணைப்பை மாற்றி உயரத்தைக் குறைக்கும் பாகம்) போட்டு வண்டியைத் தாழ்த்தியவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. அவர்களுக்கு ஸ்டாண்ட் ஏற்கெனவே நீளம். வண்டியைத் தாழ்த்தினால் ஸ்டாண்டையும் அந்த அளவுக்கு வெட்டிக் குறைப்பதுதான் முறை. சுமையை ஏற்றிவைத்து, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே வெல்டிங் பட்டறையில் வெட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும், அதிகம் போய்விட்டால் வண்டி இடப்பக்கம் படுத்துவிடும்.

வண்டியைத் தாழ்த்தாதவர்கள் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை டைட் செய்தால் போதும். அவசரத்துக்கு, இடப்பக்கம் லேசாகச் சரியும் இடம் பார்த்து நிறுத்துங்கள். தனுஷ்கோடி மாதிரி மணற்பாங்கான இடத்தில் ஸ்டாண்ட் உள்ளே இறங்கும், அங்கே அடியில் ஒரு தட்டைக் கல் வேண்டும்.

ஷாக்கைத் தளர்த்தினால் கால் எட்டுகிறது, ஆனால் பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போடுகிறது

இந்த ஆசை நம் எல்லோருக்கும் வரும். சுமை ஏற்றும்போது வண்டி தானாகத் தாழ்கிறது, கால் நன்றாக எட்டுகிறது, அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். ஷாக் வேலை செய்ய இருக்கும் தூரத்தில் பெரும்பகுதியைச் சுமையே தின்றுவிட்டால், வேகத்தடையில் இறங்கும்போது மிச்சம் இருக்காது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் எழும்பும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வளைவில் ஹேண்டில் மந்தமாகும். பக்கப் பையின் அடிப்பகுதி டயரைத் தொடும் அபாயமும் உண்டு.

சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, சுமையில்லாமல் உட்கார்ந்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு சுமையை ஏற்றி உட்காருங்கள். வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே போனால், பழைய கோட்டுக்குத் திரும்பி வரும்வரை ஷாக்கை டைட் செய்யுங்கள். மீட்டியோர் 350-இல் பின் ஷாக்குக்கு ஆறு நிலைகள் உண்டு, சி எழுத்து போல் வளைந்த சி ஸ்பேனரால் திருப்பினால் போதும். இப்படிச் செய்வதால் வண்டி புதிதாக உயர்வதில்லை. சுமையில்லாதபோது நீங்கள் பழகியிருந்த உயரத்துக்கே திரும்புகிறது. சுமையை இறக்கியதும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மறுநாள் ஆபீஸ் போகும்போது கால் எட்டாது.

கால் எட்ட வேண்டுமென்றால் சீட்டில் கை வையுங்கள். சீட் தைப்பவர் எந்த ஊரிலும் இருக்கிறார். உயரத்தைக் குறைப்பதோடு, முன் பக்கம் தொடை படும் ஓரங்களைச் சீவி ஒடுக்கச் சொல்லுங்கள். அகலமான சீட் காலை விரித்துவிடுவதால் நம் கால் நீளம் பாதி வீணாகிறது. ஓரத்தை ஒடுக்கினால், நடுவில் அவ்வளவாகக் குறைக்காமலே பாதம் கீழே வரும். கொஞ்சம் தடித்த அடிப்பாகம் உள்ள ரைடிங் ஷூவும் உதவும்.

காலை ஊன்றும்போது பக்கப் பை கெண்டைக்காலில் இடிக்கிறது

நாம் வண்டியைக் காலால் தள்ளிப் பின்னுக்கு எடுக்கும்போது பாதம் புட்ரெஸ்டுக்குப் பின்னால்தான் விழுகிறது. பக்கப் பையின் முன் விளிம்பு அங்கேயே இருந்தால் ஒவ்வொரு முறையும் கால் சிக்கும். சேற்றிலோ மணலிலோ காலை ஊன்றி ஊன்றி நகரும்போது, பாதம் தரையில் மாட்டிக்கொள்ள வண்டி முன்னே போனால், பை கெண்டைக்காலை அழுத்தும். கெட்டியான அலுமினியப் பெட்டி என்றால் எலும்புக்கே ஆபத்து. அடிக்கடி காலை ஊன்ற வேண்டியிருக்கும் நமக்குத் துணிப் பைகள்தான் என்பது என் உறுதியான கருத்து. பூட்டு வசதி, மழைக்குப் பாதுகாப்பு என்று அலுமினியத்துக்கு நியாயங்கள் உண்டு. ஆனால் காலை விடப் பெரிய நியாயம் எதுவும் இல்லை.

சீட்டில் உட்கார்ந்து, பாதத்தை இயல்பாகத் தரையில் வைத்து, பின்னுக்கு நான்கு எட்டுத் தள்ளிப் பாருங்கள். குதிகாலுக்கும் பைக்கும் இடையே ஒரு கை அகலமாவது வேண்டும். இல்லையென்றால் சேடில் ஸ்டேயை (பக்கப் பையைத் தாங்கும் கம்பிச் சட்டம்) பின்னுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மேலே நேராகவும் முன் பக்க அடி மூலை சரிவாக வெட்டியது போலவும் இருக்கும் பைகள் கிடைக்கின்றன. 15 முதல் 20 லிட்டர் அளவில் அந்த வடிவம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஸ்டே இல்லாமல் சீட்டின் மேல் போட்டுத் தொங்கவிடும் பைகள் சக்கரத்தின் பக்கம் இழுபடும். இடப்பக்கம் சேலை கார்டு தடுத்துக்கொள்ளும், வலப்பக்கம் தடுக்க ஒன்றுமில்லை. ஸ்டே கட்டாயம்.

டேங்க் பேக் மீட்டரை மறைக்கிறது, திருப்பும்போது ஹாரன் அடிக்கிறது

நமக்கு உட்கார்ந்த உயரமும் குறைவு, டேங்கை ஒட்டியும் உட்காருகிறோம். 15 லிட்டர் டேங்க் பேக் நெஞ்சை முட்டும். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் சுவிட்சுகள் பையில் அழுந்தும். யூ-டர்னில் கிளட்ச்சைப் பிடித்திருக்கும் கை பையில் மாட்டினால் அங்கேயே வண்டி படுத்துவிடும். எனவே 5 முதல் 8 லிட்டர், தாழ்ந்த வடிவம். உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பிப் பார்த்து வாங்குங்கள். காந்தம் வைத்த பை இரும்பு டேங்கில்தான் ஒட்டும். பிளாஸ்டிக் மூடியிட்ட டேங்க் என்றால் வார் வைத்தது வேண்டும். பெட்ரோல் பங்கில் முழுப் பையையும் கழற்றாமல் ஒரு பக்கம் தூக்கிவிட முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

பின்பை முன்னால் தள்ளுகிறது, தோள் வலிக்கிறது

முதுகில் பையும் போட்டு, பின்னால் டெயில் பேக்கும் கட்டினால் இரண்டும் முட்டிக்கொண்டு நம்மை டேங்கின் மேல் ஏற்றிவிடும். முதுகுப் பையை விட்டுவிடுங்கள். 55 கிலோ உடம்பில் 8 கிலோ பை நாள் முழுக்கத் தொங்கினால் கழுத்து போய்விடும். விழுந்தால் உள்ளே இருக்கும் லேப்டாப்பும் சார்ஜரும் முதுகெலும்பில் குத்தும். தண்ணீர்ப் பையும் இடுப்புப் பையும் போதும்.

வேகம் கூடினால் பின்பக்கம் ஆடுகிறது

80-ஐத் தொட்டதும் வண்டி மெல்லப் பாம்பு போல நெளிந்தால், பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாகக் குறைத்து, கையைத் தளர்த்தி, உடலை முன்னால் சாய்த்தால் அடங்கும். ஓரமாக நிறுத்தி வார்களைப் பாருங்கள். தளர்ந்த பைதான் பாதி நேரம் காரணம். அடுத்தது டயர் காற்று. இருவர் செல்லும்போது என்று கையேட்டில் போட்டிருக்கும் அளவைச் சுமைக்கும் வைக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் எடை பின் சக்கர அச்சுக்குப் பின்னால் அதிகம் போயிருக்கிறது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை இலேசாக்கும். எடை குறைந்த ஓட்டிக்கு இது சீக்கிரம் தெரியும், ஏனென்றால் மொத்த எடையில் லக்கேஜின் பங்கு நம் வண்டியில் பெரிது. டாப் பாக்ஸ் தாங்கியில் எத்தனை கிலோ என்று எழுதியிருப்பார்கள், படித்துப் பாருங்கள். பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். டாப் பாக்ஸ் வேண்டும் என்றால் ஹெல்மெட், மழைக்கோட்டு, பிஸ்கெட் பாக்கெட்டோடு நிறுத்துங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைவில் வையுங்கள். அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது காரணத்தோடுதான். பக்கவாட்டுக் காற்றில் உயரமான பெட்டி பாய்மரமாகிவிடும், தாழ்ந்த துணிப் பைகளோ அவ்வளவு காற்றை வாங்காது.

சென்டர் ஸ்டாண்ட் போட முடியவில்லை

முதலில், பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பை மூடிவிட்டதா என்று பாருங்கள். சேடில் பேக் வாங்கும்போது யாரும் யோசிக்காத விஷயம் இது. மூடியிருந்தால் பிடிக்கவே இடமில்லை. வாரின் போக்கை மாற்றி, கை நுழைய இடம் விடுங்கள். கையால் தூக்க வேண்டாம். ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைத் தொட்டதை உறுதிசெய்து, முழு உடல் எடையையும் ஸ்டாண்டின் மிதியில் இறக்குங்கள். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் தடிமனுள்ள பலகைத் துண்டின் மேல் பின் சக்கரத்தை ஏற்றிவிட்டுச் செய்தால் பாதி வேலை மிச்சம். அந்தத் துண்டு என் பக்கப் பையில் எப்போதும் இருக்கும், மணலில் சைடு ஸ்டாண்டுக்கு அடியிலும் அதையே போடுகிறேன்.

சிறு தொல்லைகள்

பை கருகுகிறது: சைலென்சருக்கும் பைக்கும் நடுவே தகடு வேண்டும். காலியான பை தளர்ந்து கீழே தொங்கும், அதனால் காலிப் பையோடும் சோதியுங்கள்.

பை ஒரு பக்கம் நழுவுகிறது: கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை விட்டு, பக்கிள் வைத்த வாருக்கு மாறுங்கள். ரப்பர் இழுபடும், தெறித்தால் கண்ணில் அடிக்கும். நான்கு முனைகள் தேவை. இரண்டு முன்னும் கீழுமாக, இரண்டு பின்னும் கீழுமாக இழுக்கட்டும். இன்டிகேட்டர் தண்டில் கட்டாதீர்கள். மிச்ச வாரைச் சுருட்டிச் செருகுங்கள், செயினில் போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

மழையில் நனைகிறது: மேலுறையை நம்ப வேண்டாம். காற்றில் பறக்கும், இல்லையென்றால் அடியில் தண்ணீரைத் தேக்கும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பையில் துணிகளைச் சுருட்டி வைப்பது ஐப்பசி அடைமழையிலும் தாங்குகிறது.

வண்டி சாய்ந்துவிட்டது, தூக்க முடியவில்லை

இன்ஜினை அணையுங்கள். ஹிமாலயன் 411-இன் எடை மட்டுமே 200 கிலோவை ஒட்டி வரும், லக்கேஜோடு தூக்கப் பார்க்காதீர்கள். மேலே தெரியும் பக்கப் பையையும் டெயில் பேக்கையும் கழற்றுங்கள். அடியில் மாட்டிய துணிப் பையை விட்டுவிடுங்கள், அது வண்டியை முழுதாகப் படுக்க விடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும். கையுறையைக் கழற்றாமல் அரை நிமிடத்தில் பையை எடுக்க முடிகிறதா என்று வாங்கும்போதே சோதிப்பது இதற்காகத்தான். 70 லிட்டரில் ஒன்று வாங்குவதை விட, ஒரு கையால் இடுப்புவரை தூக்க முடிகிற சிறு பைகள் மூன்று வாங்குவது மேல், அதுவும் இதற்காகத்தான்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிடுங்கள். ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி, பின்புறத்தைச் சீட்டின் ஓரத்தில் அழுத்தி, ஒரு கையால் கீழே இருக்கும் ஹேண்டில் பிடியையும் இன்னொரு கையால் பின் கம்பியையும் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். சிறு சிறு எட்டுகளாகப் பின்னோக்கி நடந்தால் காலின் பலத்திலேயே வண்டி எழும்பும். இதற்கு உயரம் தேவையில்லை. இடப்பக்கம் விழுந்திருந்தால் நிமிர்ந்த பிறகு மறுபக்கம் போய்விடாமல் கவனித்து, ஒரு கையால் பிடித்தபடி காலால் ஸ்டாண்டை விரியுங்கள்.

பைகளைத் திரும்ப மாட்டும் முன் லீவர்கள், பிரேக், ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எந்தப் பக்கம், எந்த நிலையில் விழுந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். நிற்கும்போது இடப்பக்கம் போயிருந்தால் சாலைச் சரிவையும் இரு பக்க எடையையும் பாருங்கள். ஸ்டாண்டிலிருந்து வலப்பக்கம் கவிழ்ந்திருந்தால் பின் ஷாக்கை அங்கேயே டைட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஏறும்போது விழுந்திருந்தால் டெயில் பேக்கைப் பின்னுக்கு நகர்த்தி, அதிலிருக்கும் கனமான சாமான்களைப் பக்கப் பைகளுக்கு இறக்கிவிட்டுப் பிறகு கட்டுங்கள்.